மாமாவின் சொந்தக் குரல்

ரோம், புதன்கிழமை

அன்புள்ள ஒரெஸ்தே மாமாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது காலை 11.40. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தேன். திரையில் நீங்கள் சாகும் காட்சி. கிழட்டு ரத்தக்காட்டேரி, நெஞ்சில் மர ஆப்பு, சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைகிறது. என் எல்விரா போய்விட்டாள் என்றார்கள். போனை வைத்துவிட்டு அந்தக் காட்சியின் காற்றுச் சத்தத்தைச் சரிசெய்து முடித்தேன். கைகளுக்கு அந்த வேலைதான் தெரிந்திருந்தது.

சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம். உங்கள் தங்கை எர்சிலியா அத்தை தினமும் மொச்சை சூப் கொண்டுவந்து, உங்களைத் திட்டிக்கொண்டே சூடாக்கித் தருகிறார். நீங்கள் ஸ்பெயினில், அல்மேரியாவின் அந்தப் பழைய கௌபாய் சினிமாத் தெருவில், சுற்றுலாக்காரர்களுக்காகத் தினமும் சுடப்பட்டுக் கூரையிலிருந்து விழுகிறீர்களாம். எழுபத்துநான்கு வயதில். போனை எடுப்பதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

அடக்கத்தன்று சர்ச் வாசலில் நடந்ததை எழுதத்தான் வேண்டும். அவள் சவப்பெட்டி வெளியே வந்ததும் நம் வழக்கப்படி எல்லோரும் கைதட்டினார்கள். முன்னால் நின்ற நீங்கள் நெஞ்சில் கைவைத்து, கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினீர்கள். "அடப்பாவி, பொண்ணுக்கு விழுந்த கைதட்டலையும் தனக்குன்னு வாங்கிக்கிட்டானே!" என்று அத்தை சீறியது எனக்கும் கேட்டது. மறுநாள் நீங்கள் ஊரில் இல்லை.

மாமா, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உங்கள் பின்னால்தான் நின்றேன். துப்பாக்கிக்காரன், பைத்தியக்கார டாக்டர், பேய் என்று நாற்பது வருஷம். போஸ்டரில் உங்கள் பெயருக்குப் பதில் யாரோ அமெரிக்கன் பெயர், வாயில் டப்பிங் பேசிய யாரோ ஒருவர் குரல். கைதட்டல் கேட்கிற இடத்தில் உங்களை யாரும் நிறுத்தியதே இல்லை. முதன்முதலாகக் கேட்டதும் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. என் கைகள் வேலையை முடித்தது போலத்தான்.

சின்ன வயதில் தியேட்டரில் "அது எங்கப்பா இல்ல, அப்பா இப்படிப் பேச மாட்டாரு" என்று எல்விரா அழுதது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தப் படத்துக்கு உங்கள் குரலே வேண்டும் என்று இயக்குநர் சொன்னபோது, படுக்கையில் இருந்தபடியே சிரித்தாள்: "இந்தத் தடவையாவது எங்கப்பா சொந்தக் குரல்ல சாகட்டும்."

மற்றதெல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். கடைசி வசனம் ஒன்றுதான் பாக்கி. "வெளிச்சம் வந்துடுச்சு மகளே, நீ போ."

தெரியும் மாமா. எனக்கும் அதைக் கேட்கத் தைரியம் இல்லை.

தயாரிப்பாளர் மங்கோனி, "வேற ஆளை வெச்சு முடிய்யா. உன் மாமனார் வாயில யார் பேசினா என்ன, இத்தனை வருஷத்துல எவன் கண்டுபிடிச்சான்?" என்கிறார். நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே ஆளை அனுப்பிவிடுவார்.

வந்துவிடுங்கள். அத்தையிடம் பேசிவிட்டேன். "வரட்டும், சூப்பு ஊத்தறேன். பேசத்தான் மாட்டேன்" என்றார். சூப் ஊற்றி முடிப்பதற்குள் எப்படியும் பேசிவிடுவார். மைக்கை உங்கள் உயரத்துக்கே விட்டுவைத்திருக்கிறேன். கூரையில் பார்த்துக் கால் வையுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

உங்கள் மருமகன்
துல்லியோ

பின்குறிப்பு: மங்கோனி காலையிலிருந்து விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். போனை அணைத்து வைத்துவிட்டேன்.