வெள்ளிக்கிழமைப் பெருவிரல்

ரிங்லெட்,
கேமரன் மலை, மலேசியா,
4.8.2025

மதிப்பிற்குரிய கணவர் நல்லுசாமி அவர்களுக்கு,

கோலா தெர்லாவில் தாங்களும் தங்கள் அண்ணன் தோட்டத்துத் தக்காளியும் நலமென நம்புகிறேன். மகள் கங்காவின் திருமணத்தில் தாங்கள் வாசித்த நன்றியுரையைத் திருத்தி நான் மீண்டும் வாசித்ததற்காகத் தாங்கள் வீட்டைவிட்டு வெளியேறி ஈராண்டுகள் ஆகின்றன. அதுபற்றி எழுதவில்லை. அலுவல் நிமித்தமே எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்ட வாசலில் நான் நடத்தும் காய்கறிக் கடையின் உரிமம் தங்கள் பெயரில் உள்ளது. இனி உரிமங்கள் யாவும் பிளாக்செயின் என்னும் சங்கிலிப் பதிவேட்டில் ஏறுகின்றன. உரிமக்காரரே வெள்ளிதோறும் கடைக்கு வந்து கருவியில் பெருவிரல் வைக்க வேண்டும். ஒருவர் பெயரில் மற்றொருவர் வியாபாரம் செய்வதை ஒழிக்கும் ஏற்பாடாம். தவறினால் கடைக்குப் பூட்டு.

வழக்கம்போல் இரண்டு முட்டைக்கோசுகளுடன் அதிகாரியைக் கண்டேன். "எனக்கு மட்டும் கோசு குடுத்து என்னக்கா பண்றது? அதே பதிவு இன்னும் பல ஆபீஸ்ல இருக்கு. எல்லாரையும் கவனிக்கணும்னா லோரி வேணும்லா" என்றார். கோசுகளைத் திரும்பச் சுமந்து வந்தேன்.

தங்கள் விரலை அனுப்பி உதவவும்.

இங்ஙனம்,
சரோஜா நல்லுசாமி

*

கோலா தெர்லா
6.8.2025

சரோ,

லோரிக்கார ரெங்கசாமி உன் லெட்டரக் குடுத்துட்டு, வக்கீல் நோட்டீஸான்னு கேட்டான். வெரல மட்டும் தனியா அனுப்ப முடியாதுலா. நானும் கூட வரணும். வெள்ளிக்கிழமை அவன் லோரியிலயே வர்றேன். டீ போட்டு வை.

நல்லு

*

ரிங்லெட்,
9.8.2025

மதிப்பிற்குரியீர்,

விரல் வைக்கத் தங்களுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. அதன்பின் மாலைவரை உரிமக்காரர் என்ற தோரணையில் நாற்காலியில் அமர்ந்து, "புளிப்புலா, வாங்காதீங்க" என்று என் ஸ்ட்ராபெரியைப் பற்றி எல்லோரிடமும் கூறினீர்கள். பழம் புளிப்புதான். ஆனால் அதைக் கூறுவது கடைக்காரர் வேலையன்று. அடுத்த வெள்ளி விரலை மட்டும் பயன்படுத்தவும்.

தேநீர் பிடித்திருந்ததா என்று கூறாமலே சென்றுவிட்டீர்கள்.

சரோஜா நல்லுசாமி

*

கோலா தெர்லா
13.8.2025

சரோ,

டீ நல்லா இருந்துச்சு. மூணு கப் குடிச்சேனே, தெரியலயா?

நேத்து ஆபீஸ்ல கேட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா போயி வெரல் வெச்சா, லைசென்ஸ் உன் பேருக்கு மாறிடுமாம். சங்கிலியில ஏறிட்டா யாராலயும் அழிக்க முடியாதாம். கடை உன் உழைப்பு, உன் பேருலதான் இருக்கணும். திங்கக்கிழமை போலாம். அப்புறம் நான் வெள்ளிக்கிழமை வர வேண்டியதில்ல.

நல்லு

*

ரிங்லெட்,
15.8.2025

அன்புள்ள உங்களுக்கு,

இன்று விரல் வைத்துவிட்டு, தேநீர்கூட அருந்தாமல் லோரி ஏறிவிட்டீர்கள். ஆகவே இக்கடிதம்.

உரிமத்தை என் பெயருக்கு மாற்றுவது நியாயமே. மறுக்கமாட்டேன். திங்களன்று காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன்.

விதிகளை முழுவதும் வாசித்தேன். உரிமக்காரர் ஓர் உதவியாளரைப் பதிவு செய்துகொள்ளலாம். உதவியாளர் வெள்ளிதோறும் அல்ல, நாள்தோறும் விரல் வைக்க வேண்டும். கோலா தெர்லாவிலிருந்து நாள்தோறும் உங்களை ஏற்றிவர ரெங்கசாமிக்குக் கட்டுப்படியாகாது. துணிமணிகளை எடுத்துக்கொண்டே வரவும்.

அந்தப் பதிவையும் அழிக்க இயலாதாம். யோசித்துவிட்டு வரவும். அதிகம் யோசிக்க வேண்டாம்.

சரோ