தேதி தெரிந்தவன்

ஆகஸ்ட் 22, 2025, வெள்ளி

ஜெராக்ஸ் கடையில் இன்று மூச்சு விட நேரமில்லை. ஏதோ பட்டா முகாமாம். அரியலூர் பஸ் ஸ்டாண்டே எங்கள் கடைக்குள் வந்து நின்றது. அந்த நெருக்கடியில் கேமில் இலவசப் பரிசு தரும் ரிடீம் கோடு ஒன்று வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கு அடியில் போனை வைத்து, என் ஐடியிலும் வீட்டுக்காரர் ஐடியிலும் போட்டுவிட்டேன். எனக்கு ஒரு தொப்பி, அவர் துப்பாக்கிக்குப் புதுச் சாயம். கொஞ்சம் அசந்தால் கோடு செத்துப்போகும். கூட வேலை பார்க்கும் சத்யா தலையில் அடித்துக்கொண்டாள். "இல்லாத தொப்பிக்கு இம்புட்டு அவதியாடி?"

அவளுக்கென்ன தெரியும்! மஸ்கட்டில் வாட்ஸப் கால் போகாது. எழுதலாம், பேச முடியாது. கேமுக்குள் மட்டும் மைக் போட்டுப் பேசலாம். கல்யாணமான சூட்டோடு விமானம் ஏறிய மனிதனோடு நான் குடித்தனம் நடத்துவது அதற்குள்தான். சுற்றிலும் எவனெவனோ சுட்டுக்கொண்டிருப்பான். நாங்கள் ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டு இன்று என்ன குழம்பு என்று பேசுவோம். கிளம்பும்போது அவர் ஒரு மருந்துப் பெட்டியை என் காலடியில் போடுவார். நான் எடுத்துக்கொள்வேன். இதைப் பற்றி நாங்கள் பேசியதுகூட இல்லை. ஆனால் அவர் போட்டால்தான் எனக்கு அன்றைக்குப் பொழுது முடியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாத்தனார் சுவாதிக்கு இது நிறைமாதம். அத்தை துணிப்பையோடு பெரம்பலூர் கிளம்பிவிட்டார். கீழப்பழுவூர் வீட்டில் இனி நான் ஒருத்திதான்.

அவரும் நாளை பாலைவனத்துக்குள் குழாய் போடும் வேலைக்குப் போகிறார். "அங்க டவரே இருக்காது தேவயானி. அடுத்த வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளிதான் திரும்புவேன். மெசேஜ் வரலன்னு அழுதுகிட்டு ஒக்காராத."

"அதுக்குள்ள செப்டம்பர் நாலு வருது. அது என்ன நாள்?"

"என்னா நாளு? வியாழக்கெழமையா?"

கல்யாண நாள்! வருஷா வருஷம் இதே கூத்து. போன வருஷம் கேம் சாட்டில் தேதி, மாதம் எல்லாம் போட்டு ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதினேன். "மன்னிச்சுக்க, இனிமே மறக்க மாட்டேன்" என்று அவரும் எழுதினார். எழுதியதையே மறந்துவிட்டார் போல. ஆனால் பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் போனார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கேம் குரூப்பில் ஒரு லிங்க் வந்தது. ஜோடி ஐடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இலவசக் கோடாம். பெண்ணுக்குப் பட்டுச்சேலை, ஆணுக்குப் பட்டுவேட்டி. நான்காம் தேதிக்குச் சரியாக இருக்குமே என்று பார்த்ததும் மனசு துள்ளியது. உள்ளே போனால் இரண்டு பேர் மெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்டது. கொடுத்தேன்.

எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, குலதெய்வம் வீரனார் பேர். மஸ்கட் கிளம்பிய அன்று கோயிலில் படையல் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து என் போனையும் வாங்கி அவரே போட்டார். "இது இருக்கற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

சேலையும் வரவில்லை, வேட்டியும் வரவில்லை. கோடு செத்திருக்கும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. ஒருத்திக்காக நாலே நாலு கொழுக்கட்டை. அதிலும் இரண்டு வெடித்துவிட்டது.

ஆகஸ்ட் 28, வியாழன்

அவர் வந்துவிட்டார்! கேமைத் திறந்தால் அவர் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. எங்கேயோ கொஞ்சம் டவர் கிடைத்திருக்கிறது போல. மைக் ரிப்பேராம், எழுதத்தான் முடியும் என்றார்.

"ரோசா, எப்படி இருக்க?" வழக்கம்போல அதே செல்லப்பேர். அப்புறம் தானாகவே, "செப்டம்பர் 4 நம்ம நாள். மறக்கல" என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பாலைவனக் காற்று பட்டதும் மனிதனுக்கு ஞானம் வந்துவிட்டதா! அம்மா எங்கே என்று கேட்டார். பெரம்பலூர் போனதைத்தான் அன்றைக்கே சொன்னேனே? வேலை அலுப்பில் மறந்திருப்பார். சுவாதிக்குக் குழந்தை பிறந்து அத்தை திரும்பும்வரை நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்று எழுதினேன்.

படக்கென்று போய்விட்டார். பெட்டி போடவில்லை. டவர் போயிருக்கும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அது அவர் இல்லை.

அவர் இல்லை அது. கை ஓடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மத்தியானம் மறுபடி பச்சைப் புள்ளி. "ஒரு போட்டோ அனுப்பு ரோசா." பிறகு, "உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லு." எனக்கு எங்கேயோ உறுத்தியது. வாட்ஸப்பைத் திறந்து பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து நான் அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். வாட்ஸப்புக்கு இல்லாத டவர் கேமுக்கு மட்டும் எப்படி வந்தது?

என் பொம்மையை அவர் பொம்மைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். சும்மா நின்றேன். அதே சட்டை, அதே துப்பாக்கி. அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெட்டி போடவில்லை. உள்ளே இருக்கிறது யாரு?

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? "மருந்துப் பெட்டி எங்க? கெளம்பும்போது தெனமும் போடுவாரு. நீ அவரு இல்ல. யாருடா நீ?" என்று எழுதிவிட்டேன்.

அப்புறம் என் காலடியில் ஒரு பெட்டி விழுந்தது.

ஐயோ. நானே சொல்லிக் கொடுத்துட்டேனே. சாட்டுல இல்லாதது அது ஒண்ணுதான். அதையும் நானே எடுத்துக் குடுத்துட்டேன். கடைக்கு வர்ற பெருசுங்ககிட்ட ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு நாள் பூரா ஓதுறவ நான். எனக்குப் புத்தி எங்க போச்சு?

ஆகஸ்ட் 30, சனி

கடைக்குப் போகவில்லை. அவர் ஐடிக்குள் போகப் பார்த்தேன், பாஸ்வேர்டு தவறு என்கிறது. மாற்றிவிட்டான். என்னுடையது இன்னும் வீரனார் பேரில்தான் இருக்கிறது. அதை உடனே மாற்று என்று சத்யா போனில் கத்துகிறாள். மாற்றும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கை வரவில்லை. அவர் இருக்கிற இடம் தெரியாது, தண்ணீர் கிடைக்கிறதா தெரியாது, உயிரோடு... ச்சீ. இந்த நேரத்தில் அந்தப் பேரை நான் அழிக்கவா? தாலியைக் கழற்றி வைக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது.

மத்தியானம் அவனிடமிருந்து ஒரு மெசேஜ். "பச்சைக் கதவு. பக்கத்துல துளசி மாடம். தனியாத்தான இருக்க?"

கதவைத் தாழ் போட்டுவிட்டேன், ஜன்னலையும் சாத்திவிட்டேன். அவன் வடநாட்டில் இருக்கிறானா, பக்கத்துத் தெருவில் இருக்கிறானா? பார்க்காமல் கதவு நிறம் எப்படித் தெரியும்? வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள். அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். மறுபடி தட்டல். "யம்மோவ், கேஸு!" சிலிண்டர்காரர் அய்யாக்கண்ணு. அரிவாள்மணையோடு கதவைத் திறந்த என்னைப் பார்த்துவிட்டு, "மீன் வாங்குனீங்களா?" என்றார். அவர் போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு, பெரம்பலூர்

விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் போனைப் பார்த்த ஒவ்வொருவனும் அவனாகத் தெரிந்தான்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று கூனிக் குறுகி நின்றேன். அத்தை கேட்டது ஒன்றுதான். "அப்ப என் புள்ள எங்கடி?" இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சுவாதிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டே யோசித்தாள். "அண்ணி, அண்ணன் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான? அதுல வூட்டு போட்டோ எல்லாம் கெடக்கும். அதப் பாத்துத்தான் கதவச் சொல்லியிருக்கான். வாசல்லல்லாம் வரல." கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்ததையும் அவளே சொன்னாள். "உங்க மெயிலயாவது மாத்துங்க. ஒங்க போட்டோவும் அதுல இருக்குமே."

மாற்ற மாட்டேன் என்று நான் அழ, அத்தை அதென்ன பாஸ்வேர்டு என்று கேட்டார். சொன்னேன். "அட கெரகமே! நம்ம பங்காளிங்க அத்தன பேரும் அதத்தான வச்சிருப்பானுவ!" உள்ளே போய் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, என் நெற்றியில் தொட்டு எடுத்து சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். "வீரனாருக்கு முடிஞ்சு வச்சிட்டேன். அவரு அவன்கூட பாலைவனத்துல இருக்காரு, உன் போன்ல இல்ல. இப்ப மாத்து."

மாற்றினேன். அத்தை கை கூப்பியபடி நின்றிருந்தார்.

சைபர் கிரைம் நம்பரிலும் சொல்லிவிட்டோம். இனி அவனுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றார்கள். எழுதவில்லை. ஆனால் அவர் ஐடியை நான் பிளாக் செய்யவில்லை. அதுவும் போய்விட்டால் அவர் எந்த வழியாக வருவார்?

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒற்றை டிக்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் முதல் வாழ்த்து அவனிடமிருந்துதான். ரோஜாப்பூ, இதயம் எல்லாம் போட்டு, "மூன்றாம் ஆண்டு வாழ்த்து ரோசா" என்று. தேதி சரி, வருஷமும் சரி. வாய் கசந்து காப்பி இறங்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று அவர் திரும்பும் நாள். விடிந்ததிலிருந்து வாட்ஸப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றை டிக் ஒற்றை டிக்காகவே இருந்தது. அத்தை சாப்பிடவில்லை.

மத்தியானம் கேமைத் திறந்தேன். யாரோ ஒரு புது ஐடி, முதல் லெவல், உடம்பில் வெறும் பனியன், கையில் துப்பாக்கிகூட இல்லை. என்னைத் தேடிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்தது. என் காலடியில் மருந்துப் பெட்டியைப் போட்டது.

நான் எடுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் கத்தியிருப்பேன். இப்போது அது அவனுக்கும் தெரியும்.

"தேவயானி நாந்தான். டவர் கெடச்சதும் போன் தானா எல்லாத்தையும் அழிச்சுப் பூட்டிக்கிச்சு. மெயிலும் போச்சு. இது கூட்டாளி போனு. உன் நம்பரு மனப்பாடமா இல்ல, கேம் பேரு மட்டும்தான் தெரியும். மைக் போடு."

மைக் போடப் பயம். எங்கள் வீடியோ எல்லாம் அந்த மெயிலில்தான் கிடக்கிறது. குரலைக்கூட அதே மாதிரி செய்துவிடுகிறார்கள் என்று டிவியில் சொன்னார்களே! அத்தையும் சுவாதியும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள். என்ன கேட்பது? எதைக் கேட்டாலும் சாட்டில் இருக்கிறது, போட்டோவில் இருக்கிறது. எங்கள் வாழ்க்கை முழுவதும் அவன் கையில் இருக்கிறது. வேறு ஒன்றும் தோன்றாமல் எழுதினேன்.

"நம்ம கல்யாண நாள் எப்ப?"

அந்தப் பனியன் பொம்மை ரொம்ப நேரம் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"இப்ப எதுக்குடி இதக் கேக்குற... செப்டம்பர் ஒம்போதா? இரு இரு, ஏழு. ஏழுதான? இன்னும் வரலல்ல?"

அத்தைதான் முதலில் கத்தினார். "இவன்தாண்டி! இவன்தான் என் புள்ள!" சுவாதி சிரிக்கிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். மைக்கைப் போட்டேன். அழுகைதான் வந்தது. "ஏன் அழுவுற? ஏழு இல்லியா?" என்கிறார் அந்தப் பக்கம்.

செப்டம்பர் 12, வெள்ளி

சுவாதிக்குப் பெண் குழந்தை. நாளை கீழப்பழுவூர் போகிறேன். கதவுக்கு வேறு சாயம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், நீலம். ஒரு பிரயோஜனமும் இல்லை, தெரியும். ஆனாலும்.

எங்கள் போட்டோவை எல்லாம் வைத்துக்கொண்டு அவன் எங்கேயோ இருக்கிறான். போன் அதிர்ந்தால் இன்னமும் நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் அடிக்கிறது.

காலையில் குரூப்பில் ஒரு கோடு வந்தது. பார்த்தேன், அந்தக் கோடு சாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். போடவில்லை.

இப்போது அவர் மருந்துப் பெட்டி போடுவதில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்கிறார். அது என்னவென்று இங்கேகூட எழுத மாட்டேன்.