உனக்கு வந்தது பேயில்லை, அக்கா

என் பிரியமுள்ள செண்பகம் அக்கா,

நம் ஊரெல்லாம் இந்த மாசம் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. பூதப்பாண்டிக் கடைத்தெருவில் கொடி கட்டி மிட்டாய் கொடுத்தார்கள். உன் மகள் தாணம்மை கை நிறைய வாங்கி வந்தாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ முதல் பேற்றுக்கு அம்மை வீட்டுக்கு வந்தபோது நான் பாவாடை கட்டிய பெண். பூ வைக்காமல் படியிறங்காத நீ, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தலை சீவுவதை விட்டுவிட்டாய். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "மசக்கைதான். பெத்துட்டா தெளிஞ்சிரும்" என்றாள் அம்மை.

பெற்ற பிறகும் தெளியவில்லை. பிள்ளை பசித்து அழும். நீ சுவரைப் பார்த்துக் கிடப்பாய். ஒருநாள் மத்தியானம் என்னிடம் சொன்னாய்: "ஏட்டி பகவதி, இந்தப் பிள்ளைக்கு நான் ஆவமாட்டேன். வேற யாராவது வளத்தா நல்லா இருக்கும்." அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

பேய் என்றார்கள். பூசாரி வந்து வேப்பிலையால் அடித்தார். "நீ யாரு, எங்கேருந்து வந்தே?" என்று கேட்டார். "நான் செண்பகம்தான்" என்று மெல்லச் சொன்னாய். அதற்கும் அடித்தார். நீ அழக்கூட இல்லை. பேய் இறங்கிவிட்டது என்று தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே, குளிக்கப் போவதாகச் சொல்லிக் குளத்துக்குப் போனாய். உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா, அக்கா?

இந்த வருஷம் எனக்கு ஆண் பிள்ளை பிறந்தான். கையில் தந்தார்கள், யார் வீட்டுப் பிள்ளையோ என்றிருந்தது. சோறு மண்ணாக இருந்தது. நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்ற நினைப்பு போகவே இல்லை. வெளியே சொன்னால் பூசாரி வருவார் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

அம்மை கண்டுகொண்டாள். ஒரு காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மக்கா, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. செத்துப்போலாம்னு தோணுதா?"

ஏசுவாள் என்று நினைத்துக்கொண்டே தலையசைத்தேன். அம்மை ஏசவில்லை.

"அவளுக்கும் இப்பிடித்தான் தோணியிருக்கும். நான் கேக்கல்லியே. ஒரு வார்த்தை கேக்கல்லியே" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அன்றைக்கே வண்டி கட்டி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அடுத்த வீட்டு மாமி தெருவில் மறித்து, "பேய் பிடிச்சவளுக்கு ஆஸ்பத்திரியா?" என்றாள். "பேயில்ல. என் மவளுக்கு சொகமில்ல. வழிய விடு" என்றாள் அம்மை. அவள் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதே இல்லை.

டாக்டரம்மா எல்லாம் கேட்டார். "பிள்ளை பெற்ற பெண்களில் சிலருக்கு இது வரும். சிலருக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கிவிடும். காய்ச்சல் மாதிரி இதுவும் நோய்தான். உன்மேல் தப்பில்லை" என்றார். தூங்க மருந்து கொடுத்தார். என்னைத் தனியே விடக்கூடாது என்றார். வயிற்றில் இருக்கும்போதே என்றதும் அம்மை என் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் உன் சீவாத தலைதான் ஞாபகம் வந்தது.

உடனே குணமாகிவிடவில்லை. அழுகையும் பயமும் மாறி மாறி வந்தன. என் வீட்டுக்காரர் வயலிலிருந்து நேரே அம்மை வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்வார், நான் தூங்குவேன். கன்னிப்பூ நெல் அறுப்பு நடந்த சமயம், பையன் என் மூக்கைப் பிடித்து இழுத்தான். சிரித்துவிட்டேன். சிரித்தது பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்புறம் உன்னை நினைத்து ரொம்ப நேரம் அழுதேன். உனக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்குமே.

போன வாரம் தாணம்மை பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்:

"சித்தி, எங்கம்மைக்கு என்னைப் பிடிக்காதா? பிள்ளையள்லாம் சொல்லுதாவோ."

மடியில் இருத்திக்கொண்டேன். "உங்கம்மைக்கு சொகமில்லாம போச்சு மக்கா. அது என்ன நோய்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல்ல. உன்மேல பிரியம் இல்லாம அவ போவல்ல."

கொஞ்சம் யோசித்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா?"

அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி வைத்தேன். அடுக்களையில் அம்மை பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

அக்கா, அவளும் ஒருநாள் தாயாவாள். பிள்ளை பால் குடித்ததா, தூங்கியதா என்று ஊரே கேட்கும். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்பிடி இருக்கு மக்கா?" என்று கேட்பேன். அவள் வாய் திறந்து சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
தாணம்மையின் சித்தி,
பகவதி