மருமகள் செய்த ஒயின்

மொந்தல்சீனோ,
செப்டம்பர் 18

அன்புள்ள ஃபியம்மெத்தா,

இங்கே எல்லோரும் சுகம், உன் கோழிகள் உட்பட. மெந்தோஸாவில் நீயும் உன் அண்ணன் குடும்பமும் சுகம்தானே? காட்டுப்பன்றிகள் மறுபடியும் வேலியை உடைத்து, கீழ்ச்சரிவில் ஒரு வரிசைத் திராட்சையைத் தின்றுவிட்டன. அது கிடக்கட்டும், பெரிய சேதி வேறே.

ஞாயிற்றுக்கிழமை உன் ஒயினைத் திறந்தோம். அப்பா கால் ஒடிந்து படுத்திருந்த வருஷம், ஊரே மழைக்குப் பயந்து பறித்து முடித்தபோது, தினமும் நாலு பழம் கடித்துப் பார்த்து, இன்னும் பழுக்கவில்லை என்று நீ பிடிவாதமாகப் பறிப்பை நிறுத்திவைத்தாயே, அந்த ஒயின்தான். "மருமக இந்த வருஷத்த வினிகராக்கிட்டா" என்று ஐந்து வருஷமாக உன்னைக் குத்திக்கொண்டிருந்தவர், அந்தப் பீப்பாய்ப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து நெல்லோ மாமா விடவில்லை. "என்ன காஸ்பரோ, நல்லா இருந்து தொலைச்சிட்டா என்ன பண்றதுன்னு பயமா?" என்று சீண்டினார்.

அப்பா கோபமாக ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு புட்டியையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நெல்லோ மாமா கை நீட்டியதும் பட்டென்று தட்டிவிட்டு, "போய் உன் வீட்டுத் தண்ணியக் குடிடா" என்றார். நான் கெஞ்சிக் கூத்தாடி அரைக் கோப்பை வாங்கினேன். என்ன ஒயின் செய்திருக்கிறாய் நீ! வாயில் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பன்றிக்கறியில் மிளகு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலை அப்பா தடியை ஊன்றிக்கொண்டு மேட்டுத் தோட்டத்தில் நின்றார். எப்போது பறிக்கலாம் என்று கேட்டேன். "என்னை ஏன்டா கேக்குறே? அதச் சொல்றவ அர்ஜென்டீனாவுல போய் உக்காந்திருக்கா" என்று எரிந்து விழுந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "வரச் சொல்லு" என்றார். அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒன்று வந்தால் அது இவ்வளவுதான். உனக்கே தெரியும்.

ஒரு மாதம் என்று சொல்லிப் போனாய், மாதங்கள் பல ஓடிவிட்டன. ஏன் வரவில்லை என்று நானும் இதுவரை கேட்கவில்லை.

ஊரில் பறிப்பு தொடங்கிவிட்டது. நம் தோட்டத்தில் ஒரு குலையையும் தொட அப்பா விடுவதில்லை. தினமும் நாலு பழம் பறித்து வந்து, சாப்பாட்டு மேசையில் நீ உட்காரும் இடத்தில் வைக்கிறார். சாயங்காலம் அவை வாடியதும் தானே எடுத்துப் போடுகிறார்.

மாதா உன் பயணத்துக்குத் துணையிருக்கட்டும்.

உன்,
ஒத்தாவியோ