வேன் மேல் கிடக்கும் போர்வை

14.3.2025, வெள்ளி இரவு

இதை யார் எடுத்தாலும் அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

அம்மாவோடு போட்ட சண்டைக்குப் பிறகு அப்பா வாசலில் நிற்கும் வேனில்தான் படுக்கிறார். அதன் கூரையில் வளையும் சோலார் தகட்டை ஒட்டி, உள்ளே விளக்கும் ஃபேனும் ஓட பேட்டரியும் சார்ஜ் கன்ட்ரோலரும் மாட்டியிருக்கிறார். "பச்சை லைட்டு எரிஞ்சா பேட்டரி நெறஞ்சுதுன்னு அர்த்தம் கண்ணு. அன்னைக்கே வீட்ட விட்டுக் கெளம்பிருவேன்" என்றார்.

தினமும் அவர் மில்லுக்குப் போனதும் தகட்டின் மேல் சென்னிமலைப் போர்வையைப் போட்டு மூடி, அவர் திரும்புமுன் எடுத்துவிடுகிறேன். பச்சை எரியவேயில்லை.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று காலையில் கத்தினார்.

"வேனுக்குக்கூட உங்களைப் புடிக்கலீங்களாட்ட" என்று அம்மா உள்ளிருந்தே குத்தினாள்.

இன்று நான் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருவதற்குள் அப்பா வந்துவிட்டார். போர்வை இன்னும் மேலேயே கிடக்கிறது. அவர் தூங்கியதும் போய் எடுத்து

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"கண்ணு, இந்தப் போர்வை நம்முளுதா?"