கோலுக்கு முன்னால் என்ன மரியாதை

786

கோவில்பட்டி,
15-10-1961, ஞாயிறு.

அன்புள்ள மச்சானுக்கு நபீசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மாமியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதினால்தானே எங்களுக்குத் தெரியும்? ‘நலம். இங்கே நெருக்கடி அதிகம். உம்மாவைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று மூன்று வரி எழுதிவிட்டு மீதியை வெள்ளையாக அனுப்பியிருக்கிறீர்கள். வெள்ளைத்தாள் கோவில்பட்டிக் கடையிலேயே கிடைக்கும் மச்சான், அதற்கு பெங்களூரிலிருந்து தபால் வர வேண்டியதில்லை.

அந்த ‘நெருக்கடி’யை வைத்து இங்கே பெரிய பஞ்சாயத்தே நடந்தது. பிள்ளை கையில் காசில்லாமல் காய்ந்து கிடக்கிறான் என்று மாமி அழுதார்கள். சின்ன அறையில் எட்டுப் பேர் படுத்தால் நெருக்கடியாகத்தான் இருக்கும் என்று என் அண்ணன் சொன்னான். நான் மட்டும் யாரிடமும் சொல்லாமல் வேறொன்று நினைத்துக்கொண்டேன். நான் பக்கத்தில் இல்லாத கஷ்டத்தைத்தான் இந்த மனிதர் இப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார் என்று. அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வேறு வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

உண்மை நேற்றுத்தான் தெரிந்தது. உங்கள் ஆலையில் ஃபிட்டராக இருக்கிற குளத்தூர்க்காரர் கடற்கரை அண்ணாச்சி லீவில் வந்தவர், ஊருக்குப் பஸ் மாறும் முன்னால் நம் வீட்டுக்கு வந்திருந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய சால்வையை மாமி வாங்கியதும் போர்த்திக்கொண்டார்கள். இந்த வெயிலில் சால்வையோடு தெருமுனைவரை ஒரு நடை போய்விட்டும் வந்தார்கள். சந்தன சோப்பு ‘வீட்டுக்கு’ என்று சொல்லிக் கொடுத்தீர்களாம். வீடு சோப்புப் போட்டுக் குளிக்குமா மச்சான்? என் பெயரை அண்ணாச்சியிடம் சொன்னால் நாக்கு சுட்டுவிடுமா?

காப்பி குடித்துக்கொண்டே அண்ணாச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஹாக்கி ஆட்டத்தில் நீங்கள் கோலுக்குள் நிற்கும்போது எதிர் டீம்காரர்கள் உங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறார்களாம். ஒருவன் பூட்ஸை மிதிக்கிறான், ஒருவன் முழங்கையால் இடிக்கிறான், பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் நீங்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறீர்களாம். போன ஆட்டத்தில் பொறுக்க முடியாமல் ஒருவனைக் கையால் தள்ளிவிட்டீர்களாம். அம்பயர் அதற்குத் தண்டனையாக எதிராளிக்குப் பெனால்டி புல்லி கொடுத்து, அதிலே கோல் விழுந்து, தோற்றுப்போனீர்களாம். வரப்போகிற டோர்னமெண்டிலும் இப்படியே நடந்தால் ஹுமாயூன் ஊருக்குப் போய்க்கொள்ளலாம், ஆட்டத்துக்காகக் கொடுத்த வேலை நிலைக்காது என்று மேனேஜர் சொல்லிவிட்டாராமே. இதுதானா உங்கள் நெருக்கடி? இதை எழுதினால் நாங்கள் என்ன செய்துவிடுவோம், ரயிலேறி வந்து அவர்களை விளக்குமாற்றால் அடிப்போமா?

ஒளிக்காமல் சொல்கிறேன். ‘ஊருக்குப் போய்க்கொள்ளலாம்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாகவே இருந்தது. நீங்கள் பையும் காலில் கட்டுகிற பேடுமாக வாசலில் வந்து நிற்பதுவரை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உங்கள் முகத்தை நினைத்தேன். கயத்தாற்றில் தோற்று வந்தபோது சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனீர்களே, அந்த முகம். அப்படி ஒரு மனிதர் திரும்பி வந்து எனக்கு என்ன ஆகப் போகிறது? எனக்கு நீங்கள் வேண்டும் மச்சான். துரத்தப்பட்டு வருகிற நீங்கள் வேண்டாம். அதனால்தான் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அண்ணன் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலில் கேட்டது எதிராளியைப் பற்றி அல்ல. கோலுக்குக் காவலான நம் ஃபுல்பேக்குகள் இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டான். அண்ணாச்சி சிரித்துவிட்டார். “ரெண்டு பேரும் ஹுமாயூனுக்கு ரெண்டு பக்கமும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரில்லா நிக்காவ. அதுல ஒருத்தர் இவரு செக்ஷன் சூபர்வைசரு. அவியகிட்ட இவரு வாயத் தொறக்கவே மாட்டேங்காரு. கோல்ல நிக்காரா, கோயில்ல நிக்காரான்னு தெரியல” என்றார். அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு, நம் கல்யாணம் முடிந்த புதிதில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது என்றான்.

அந்தக் கூத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் கோலுக்குள் நின்றுகொண்டு, “ஏலே அல்லாபிச்சை, மேல ஏறுலே” என்று நீங்கள் போடுகிற சத்தம் மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டுக் கிணற்றடிவரை கேட்கும். உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஃபுல்பேக் ஆடுகிற என் அண்ணனையே முன்னால் போகச் சொல்லி அதட்டுகிறானே, எவன் இவன் என்று வாளியோடு நின்று கேட்டிருக்கிறேன். நிக்காஹ் முடிந்ததும் அண்ணன் உங்களுக்கு மச்சான் ஆகிவிட்டான். உடனே உங்களுக்கு மரியாதை வந்துவிட்டது. “மச்சான், கொஞ்சம் மேல போறியளா” என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் பந்து உள்ளே போய்விடும். வரிசையாகத் தோற்ற பிறகு கேப்டன் செண்பகராஜ் வீட்டுக்கே வந்து, மாப்பிள்ளை மரியாதையைப் பந்தியில் வைத்துக்கொள்ளுங்கள், கோலுக்கு முன்னால் என்ன மரியாதை என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் பழைய ‘ஏலே’ திரும்பி வந்தது.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நெருக்குகிறவன் எதிராளி, நம் ஆட்களை அதட்டி என்ன ஆகப் போகிறது என்று கேட்டேன். அண்ணனுக்குச் சொல்லி விளங்க வைக்கத் தெரியாது, செய்துதான் காட்டுவான். முற்றத்தில் இரண்டு குடத்தை வைத்துக் கோல் என்றான். என்னை நடுவில் நிற்க வைத்தான். பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் அக்காவும் மாமியும் எதிர் டீம் ஃபார்வர்டுகள். மாமி முதலில் மாட்டேன் என்றார்கள். பிறகு முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு என் மூக்குக்கு நேராக வந்து நின்றார்கள் பாருங்கள், நகர வேண்டுமே! நிஜமாகவே என் காலை மிதித்தார்கள். அண்ணன் என் தோளை ஒட்டி, அரை எட்டு முன்னால் காவலுக்கு நின்றான். கடற்கரை அண்ணாச்சி துணிப்பந்தை மட்டையால் தட்டினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, குடம்தான் உருண்டது.

யார் மறைக்கிறார்கள் என்று அண்ணன் கேட்டான். மாமிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பார்த்தால், மாமி என் தோள் உயரம்தான், அவர்கள் தலைக்கு மேலே வாசல்வரை தெரிகிறது. பந்து வந்த பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது அண்ணனுடைய முதுகு. “நீதாம்ணே மறைக்கே” என்றேன். அதுதான் விஷயம் என்றான்.

அவன் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். பந்தை அடிக்கிற நேரத்தில் எதிராளியைவிடக் கோல் கோட்டுக்குக் கிட்டத்தில் நம் ஆட்கள் மூன்று பேர் இருந்தால் அவன் அங்கே நிற்பது நியாயம். இல்லாவிட்டால் ஆஃப்சைடு. நீங்கள் ஒருவர், உதவிக்கு வருகிறேன் என்று கோட்டுக்கு வந்துவிடுகிற ஃபுல்பேக் இரண்டு பேர். ஆக மூன்று பேராக நின்று அவர்களுக்கு நாமே பாய் விரித்து உட்கார வைக்கிறோம். ஃபுல்பேக் இரண்டு பேரும் மேலே ஏறிவிட்டால் முன்னால் நிற்கிறவன் நிற்பதே குற்றமாகிவிடும். அவனை நீங்கள் தள்ள வேண்டியதில்லை, அம்பயரே ஊதி விரட்டிவிடுவார். மேலே ஏறச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முழு மைதானமும் தெரிவது கோல்கீப்பருக்கு மட்டும்தானாம்.

அப்படியும் ஒருவன் பந்தோடு சேர்ந்து வந்து நின்றுவிட்டால் அவன் முதுகுக்குப் பின்னால் பதுங்க வேண்டாம், ஒரு எட்டு வெளியே வைத்து அவனுக்கு முன்னால் போய்விடச் சொன்னான். இடமில்லை என்றால் தலையை நீட்டாமல் குனியுங்கள், பந்து தரையில்தானே வருகிறது, கால்களுக்கு நடுவே தெரியும். மிதித்தாலும் இடித்தாலும் கை மட்டும் எழவே கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கச் சொன்னான். பந்து பேடில் பட்டால் நேராக உதைக்காமல் ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டுமாம். அங்கே புல்தரை, நம் கரிசல் மாதிரி வெடிப்பில் பட்டு எகிறாது, அந்தக் கவலை உங்களுக்கு இல்லை என்று கொஞ்சம் பொறாமையோடு சொன்னான்.

சூபர்வைசரை எப்படி அதட்டுவது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க மாட்டீர்கள், மனதுக்குள் நினைப்பீர்கள். அதற்கு நான் ஒரு வழி சொல்கிறேன், இது அண்ணன் சொன்னதில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆபீஸில் அவர் முன்னால் போய் நில்லுங்கள். ‘ஐயா, மைதானத்தில் மட்டும் நான் சத்தம் போடுவேன், மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது’ என்று மரியாதையாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு நம்ம ஊர் ‘ஏலே’யே போடுங்கள். அவர் குடகுக்காரராம், அர்த்தம் தெரியாது. அது ஏதோ பெரிய மரியாதை வார்த்தை என்றுகூட நினைத்துக்கொள்வார்.

இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. பருத்தி விதைக்க நிலத்தை உழுது போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நேற்று ஃபார்வர்டு ஆடியதில் கூடினாலும் கூடியிருக்கும். அம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்குப் போனால் சாயங்காலம் மைதானத்துச் சத்தம் கேட்கிறது. புதிதாகக் கோலுக்கு வந்திருக்கிற பையனும் நன்றாகத்தான் கத்துகிறான். நான் கிணற்றடியில் வேலையில்லாமலே நிற்கிறேன். மட்டைச் சத்தம், விசில், ஜனங்கள் கூச்சல் எல்லாம் வருகிறது. உங்கள் குரல் வருவதில்லை. இதை எழுதும்போது கண் கலங்குகிறது, எழுத்து கோணினால் அதனால்தான்.

இப்போது என் விஷயம். புறப்படும்போது கடற்கரை அண்ணாச்சி வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். ஆலை லைனில் ஒரு அறையும் அடுப்படியுமாக வீடுகள் இருக்கின்றனவாம். டீமில் இருக்கிற திருச்சிக்காரர் வேலை நிலைக்கும் முன்பே கேட்டு வாங்கி, பெண்டாட்டியைக் கூட்டி வந்துவிட்டாராம். சூபர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஹுமாயூனிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார் என்றார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

மாமியிடம் நேரடியாகவே கேட்டேன். “அவன் கூப்பிடட்டும் தாயி, நான் ஒத்தையில கெடந்துக்கிடுவேன். கூப்பிடாம ஒரு பொம்பளப் பிள்ளைய எப்படி அனுப்ப?” என்றார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சு. மாமிக்குத் துணையாகத் தங்கச்சியை அனுப்புகிறேன் என்கிறாள் அம்மா. என்னை ரயிலில் கொண்டுவந்துவிட அண்ணன் தயார். என் பெட்டியும் தயார். ஆக எல்லோரும் உங்கள் ஒரு சொல்லுக்காக நிற்கிறோம். நீங்களோ நலம், நெருக்கடி, உம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதுகிறீர்கள். எனக்கு வீடு வேண்டாம், எட்டுப் பேருக்குச் சமைத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். என்னை அங்கே வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா, இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயித்தாலும் எழுதுங்கள், தோற்றாலும் எழுதுங்கள். மாமி பெயருக்கு எழுதி ‘வீட்டில் உள்ளவரை அனுப்பி வைக்கவும்’ என்று போடாதீர்கள், நான் வர மாட்டேன். என் பெயருக்கு எழுதுங்கள். வாருங்கள், வரவும் என்ற மரியாதை எல்லாம் எனக்கு வேண்டாம். என் அண்ணனை ‘ஏலே’ என்று ஊரே கேட்கக் கூப்பிட்ட வாய்தானே அது? என்னை ஒரே ஒரு தடவை, ‘ஏட்டி நபீசா, கிளம்பி வா’ என்று கூப்பிடக் கூடாதா?

அல்லாஹ் உங்கள் கண்ணுக்கும் காலுக்கும் காவலாக இருப்பானாக. உங்கள் வாயையும் அவனே திறந்துவிடுவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள்
நபீசா