விற்பனைப் பக்கத்தின் முதல் வரி

அன்புள்ள அண்ணா,

எங்கள் கம்பெனி விற்கும் காது மெஷினுக்கு வெப்சைட் வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பேட்டரி, புளூடூத், உத்தரவாதம் என்று எழுதித் தள்ளினேன். மேனேஜர் படித்துவிட்டு, "எல்லாம் மெஷினப் பத்தியே இருக்கு. வாங்குறவருக்கு என்ன கிடைக்கும்?" என்றார்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் பொருத்தினேன். எழுந்து நடந்தவர் சட்டென்று நின்று, "யாரும்மா பின்னால வர்றது?" என்று கேட்டார்.

அவருடைய செருப்புச் சத்தம்தான், அண்ணா! அதைக் கேட்டுக்கொண்டே கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, 'உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும்' என்று ஆரம்பித்தேன்.

வீட்டைவிட்டுப் போன அன்று நீ வாசலில் நின்று "போய்ட்டு வரேம்ப்பா" என்றபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றுதானே உனக்குக் கோபம்? அவரோ இன்றுவரை, "சொல்லாமக் கொள்ளாமப் போய்ட்டான்" என்கிறார்.

நான் உன்னிடம் கெஞ்சப் போவதில்லை. உனக்குக் கிடைப்பதை மட்டும் சொல்கிறேன். இப்போதெல்லாம் போன் அடித்தால், எனக்கு முன்னால் அவர்தான் ஓடிப்போய் எடுக்கிறார்.

உன் தங்கை